தகவல் பெருகினால் சந்தை சரியாகிவிடுமா?

கேள்வி மூன்று துண்டாக வந்திருக்கிறது. செய்தி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிடைக்கும் இந்தக் காலத்திலும் விலைகள் ஏன் இப்படித் தாறுமாறாக ஆடுகின்றன? தகவல் கூடக் கூடச் சந்தை நேர்மையாகும் என்கிறார்களே, அது உண்மைதானா? சாதாரண ஆள் ஒருவர் செய்தி படித்துப் பண முடிவுகள் எடுப்பதில் ஏதாவது பயன் உண்டா?

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தகவல் இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். அது யார் கையில் இருக்கிறது, அவர் கையில் இருப்பது மற்றவர்களுக்குத் தெரியுமா, தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டால்தான் பாதிப் புதிர்கள் அவிழும். தகவல் ஒரு சந்தையை வாழவைத்திருக்கிறது, இன்னொன்றைப் படுக்கவைத்திருக்கிறது, வேறொன்றில் விற்பவர்கள் கூட்டுச் சேராமலேயே விலையை ஏற்றிக்கொள்ள உதவியிருக்கிறது. மூன்றும் நடந்த கதைகள்தான், வரிசையாக வருகிறேன்.

விலையில் இருந்து தொடங்குவோம். விலை என்றால் பொருளின் மேல் ஒட்டிய சீட்டு என்று நினைக்கிறோம். அதை ஒரு தந்தியாகப் பார்க்கச் சொன்னவர் பொருளாதார அறிஞர் ஃப்ரெட்ரிக் ஹாயெக். 1945ல் எழுதிய ஒரு கட்டுரையில் வெள்ளீயத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டார். எங்கோ ஒரு மூலையில் வெள்ளீயம் கிடைத்துவந்த வழி ஒன்று அடைபடுகிறது. அல்லது வெள்ளீயத்துக்குப் புதிதாக ஒரு பயன்பாடு முளைக்கிறது. இரண்டில் எது நடந்தது என்று அதை வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. விலை ஏறியிருக்கிறது, அதனால் அவர் சிக்கனம் பிடிப்பார், இல்லையென்றால் மாற்றுப் பொருள் தேடுவார். காரணம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சரியான பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு மத்திய அலுவலகம் எல்லாத் தகவலையும் திரட்டி உற்பத்தியைத் திட்டமிட்டுவிடலாம் என்று நம்பியவர்களுக்கு அவர் சொன்ன பதில் இது. அந்தத் தகவலில் பெரும்பகுதி படிவத்தில் நிரப்பி அனுப்பக்கூடிய வடிவத்தில் இருப்பதே இல்லை. அந்தந்த இடத்தில் நிற்பவரின் கைப்பழக்கத்திலும் அனுமானத்திலும் கிடக்கிறது என்றார்.

இது வெறும் சித்தாந்தப் பேச்சு என்று தோன்றினால் 1986 ஜனவரி 28ஐப் பாருங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி முற்பகல் 11.39. ஏவப்பட்ட 73ஆவது வினாடியில் சாலஞ்சர் விண்கலம் சிதறியது. சில நிமிடங்களில் செய்தி பங்குச் சந்தைக்கு எட்டியது. அந்தத் திட்டத்தில் நான்கு பெரிய ஒப்பந்ததாரர்கள் இருந்தார்கள். விண்கலத்தைக் கட்டியது ராக்வெல். வெளிப்புற எரிபொருள் தொட்டி மார்ட்டின் மரியெட்டாவுடையது. தரைப் பணிகள் லாக்ஹீட். விண்கலத்தை மேலே தள்ளும் பக்கவாட்டு ராக்கெட்டுகளான திட எரிபொருள் பூஸ்டர்கள் மார்ட்டன் தயோக்கால். நான்கு பங்குகளுமே இறங்கின. ஆனால் தயோக்கால் பங்கை விற்க வந்த கூட்டத்துக்கு ஈடாக வாங்க ஆள் இல்லை. அதன் வர்த்தகத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தியே வைக்க வேண்டியதாயிற்று. அன்று மாலை மணி அடித்தபோது மற்ற மூன்றும் 3% அளவில் இறங்கி நின்றன. தயோக்கால் ஏறத்தாழ 12% விழுந்திருந்தது.

காரணம் இன்னது என்று அன்றைக்கு யாரும் பொதுவில் சொல்லவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ஃபெய்ன்மன் பனிக்கட்டித் தண்ணீரில் ஒரு ரப்பர் வளையத் துண்டை முக்கிக் காட்டியது இரண்டு வாரம் கழித்து. பூஸ்டர் இணைப்பில் இருந்த அந்த வளையம் குளிரில் விறைத்துப்போனதுதான் காரணம் என்று விசாரணைக் குழு அறிக்கை வெளியானது ஜூன் மாதம். பங்குச் சந்தை முதல் நாள் மதியமே சரியான நிறுவனத்தைச் சுட்டிக்காட்டிவிட்டது. மலோனி, மல்ஹெரின் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பிற்பாடு அன்றைய வர்த்தகத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளாட்கள் விற்றதற்குத் தெளிவான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு எப்படி? என் ஊகம்: பூஸ்டரில் ஏற்கெனவே தலைவலி இருந்தது ஒருவருக்குத் தெரிந்திருக்கும், படக்காட்சியில் தீ எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கவனித்திருப்பார், போட்டி நிறுவனத்தில் வேலை செய்யும் நண்பர் மூன்றாமவரிடம் ஏதோ சொல்லியிருப்பார். தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் தேறாத துணுக்குகள் விற்பனை ஆணைகளாக மாறி ஒரே எண்ணில் வந்து சேர்ந்தன.

ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்திக்கொண்டு ‘சந்தைக்கு எல்லாம் தெரியும்’ என்று கைகூப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சந்தை சொதப்பிய நாட்களும் ஏராளம். ஒன்றைக் கீழே சொல்கிறேன்.

சரி, விலை தந்தி என்றால் தந்தி போய்ச் சேராத இடத்தில் என்ன ஆகும்? இதற்கு மிகத் துல்லியமான விடை கேரளத்தின் வட பகுதிக் கடற்கரையில் கிடைத்தது. பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007ல் வெளியிட்ட ஆய்வு அது. 1997 ஜனவரி 14 காலை வடகரை கரைக்கு வந்த படகுகளில் 11 மீனவர்களுக்கு வாங்க ஆள் கிடைக்கவில்லை. பிடித்த மீனைக் கொட்டிவிட்டார்கள். அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றக் கரைகளில் 27 பேர் மீன் வாங்கக் காத்திருந்தார்கள். மீனும் இருந்தது, பணமும் இருந்தது. எந்தக் கரையில் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் கடலில் இருந்தவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்றால் டீசல் செலவு தாங்காது, போய்ச் சேர்வதற்குள் அங்கே சந்தை முடிந்துவிடும். இப்படிக் கொட்டப்பட்டது மொத்தப் பிடிப்பில் சராசரியாக 5 முதல் 8% வரை.

அந்த ஆண்டில் இருந்து கடலோரத்தில் செல்போன் கோபுரங்கள் பகுதி பகுதியாக எழும்பின. கரையில் இருந்து 20, 25 கிலோமீட்டர் வரை சிக்னல் எட்டியது. படகில் இருந்தே நான்கு கரைகளுக்குப் போன் அடித்துக் கேட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்கள். கோபுரம் வந்த பகுதிகளில் மீன் கொட்டுவது ஏறத்தாழ நின்றே போனது. கரைக்குக் கரை மலைக்கும் மடுவுக்குமாக இருந்த விலை வித்தியாசம் சில வாரங்களில் சுருங்கியது. மீனவர்களின் லாபம் சுமார் 8% கூடியது; வாங்குபவர்களுக்கு விலை சுமார் 4% குறைந்தது. இரண்டு பக்கமும் லாபம் என்பது பொருளாதாரத்தில் அடிக்கடி கேட்கிற சேதி இல்லை. கடலில் மீன் கூடவில்லை, படகு மாறவில்லை. வீணாகிக்கொண்டிருந்ததை இரண்டு பக்கமும் பங்கிட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதற்கு மூத்த அண்ணன் ஒருவர் உண்டு. 1866ல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி நிலைத்து வேலை செய்யத் தொடங்கியது. அதற்கு முன் லிவர்பூல் பஞ்சு விலை நியூயார்க்குக்குத் தெரிய நீராவிக் கப்பலில் பத்து நாள் ஆகும். அந்தப் பழைய விலையை வைத்துப் பஞ்சை ஏற்றி அனுப்புவார்கள். போய்ச் சேரும்போது நிலவரம் வேறாக இருக்கும். கம்பி வந்ததும் தாமதம் ஒரு நாளாகக் குறைந்தது. கிளாடியா ஸ்டைன்வெண்டர் என்ற பொருளாதார ஆய்வாளர் பழைய நாளிதழ்களில் இருந்து அன்றாட விலைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரு துறைமுகங்களுக்கும் இடையிலான விலை வித்தியாசம் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது, ஏற்றுமதி அளவும் அதே அளவில் கூடியிருந்தது. கப்பலின் வேகம் அதேதான், பஞ்சும் அதேதான்.

இதுவரை சொன்னதில் தகவல் எல்லோருக்கும் எட்டவில்லை, எட்டியதும் நிலைமை சீரானது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது, தெரியவைக்கவும் வழியில்லை என்றால் கதை மாறுகிறது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ல் வெளியிட்ட கட்டுரை செகண்ட் ஹேண்ட் கார்களைப் பற்றியது. அது அச்சேறிய கதையே சுவாரசியமானது. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. இரண்டு இடத்தில் ‘இது அற்பமான விஷயம்’ என்றார்கள். மூன்றாவது இடத்தில் ‘இது சரியென்றால் பொருளாதாரமே வேறாக இருக்க வேண்டுமே’ என்ற ரீதியில் மறுத்தார்கள். நான்காவது இதழ் வெளியிட்டது. 2001ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் கிடைத்தது.

அவர் சொன்னதை நான் எப்போதும் ஒரு சின்னக் கணக்காகத்தான் புரிந்துகொள்வேன். விற்பனைக்கு மூன்று வகைக் கார்கள் சம எண்ணிக்கையில் இருக்கின்றன. நல்ல காரின் மதிப்பு வாங்குபவருக்கு 100, சுமாரானது 70, ஓட்டை வண்டி 40. உரிமையாளர்கள் முறையே 90, 60, 30 கிடைத்தால் விற்கத் தயார். அதாவது எந்தக் காரை விற்றாலும் இரு தரப்புக்கும் சேர்த்து 10 லாபம். ஆனால் எது எந்த வகை என்று வாங்குபவருக்குத் தெரியாது. அவர் சராசரி பார்த்து 70 தருகிறேன் என்பார். 70க்கு நல்ல காரை எவர் விற்பார்? அவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். வாங்குபவரும் முட்டாள் இல்லை. நல்ல கார்கள் போய்விட்டன என்று அவருக்குப் புரிகிறது. மிச்சம் உள்ள இரண்டு வகைக்குச் சராசரி 55. சுமார் கார்காரருக்கு 60 வேண்டும், அவரும் கிளம்பிவிடுவார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டி மட்டும் 40க்கு ஓடிக்கொண்டிருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. தெரியாமை ஒன்றே மூன்றில் இரண்டு பங்கு வியாபாரத்தைக் கொன்றுவிட்டது.

வாரண்டி, மூன்றாவது ஆள் செய்யும் பரிசோதனைச் சான்றிதழ், பிராண்ட் பெயர், நட்சத்திர மதிப்பீடுகள் எல்லாம் இந்தக் கணக்கை உடைக்கக் கண்டுபிடித்தவைதான். இவற்றில் எது வேலை செய்யும் என்பதற்கு ஸ்பென்ஸ் ஒரு எளிய சோதனை தந்தார்: மோசமான சரக்கு வைத்திருப்பவருக்கு அந்தச் சைகை காட்டுவது நல்ல சரக்குக்காரரைவிட அதிகச் செலவு வைக்க வேண்டும். ஓட்டை வண்டிக்கு இரண்டு ஆண்டு வாரண்டி கொடுத்தால் கொடுத்தவர் திவால், அதனால் வாரண்டியை நம்பலாம். ‘எங்கள் வண்டி தரமானது’ என்ற விளம்பரத்தை யாரும் ஒரே காசில் போடலாம், அதனால் அதில் தகவல் எதுவும் இல்லை. இணையத்தில் ஐந்து நட்சத்திரங்களின் மதிப்பு தேய்ந்துகொண்டே போவதும் இதனால்தான்; பொய் நட்சத்திரம் மலிவாகிவிட்டது.

இதுவரை படித்துவிட்டு, ‘அப்படியானால் எல்லாவற்றையும் வெளிப்படையாக அறிவித்துவிட்டால் தீர்ந்தது’ என்று நினைத்தால் டென்மார்க்குக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம் தலைகீழாகத் திரும்பிய கதை. ரெடிமிக்ஸ் கான்கிரீட் சந்தையில் போட்டி போதவில்லை என்று அந்த நாட்டின் போட்டி ஆணையம் நினைத்தது. 1993ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நிறுவனங்கள் உண்மையில் விற்ற விலையை ஆணையமே திரட்டி வெளியிடும். வாங்குபவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், மலிவானவரிடம் போவார்கள், விலை இறங்கும். ஏட்டுக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஓர் ஆண்டுக்குள் விலை 15 முதல் 20% வரை ஏறியது.

என்ன நடந்தது? அதுவரை பட்டியல் விலை ஒன்று இருக்கும், ஆனால் பெரிய வாடிக்கையாளருக்குக் காதும் காதும் வைத்தாற்போலத் தள்ளுபடி கொடுப்பார்கள். அந்த ரகசியத் தள்ளுபடிதான் போட்டியின் உயிர். எதிராளிக்குத் தெரியாமல் ஒரு ஒப்பந்தத்தைப் பறிக்க அதுதான் வழி. எல்லா விலையும் அச்சில் வர ஆரம்பித்ததும் தள்ளுபடி கொடுப்பவர் உடனே மாட்டிக்கொண்டார். போட்டியாளரும் அதே தள்ளுபடி தருவார், பறித்ததில் பயன் இருக்காது. பிறகு எதற்குத் தள்ளுபடி? கூட்டமே போடாமல், கைகுலுக்காமல், ஆணையம் வெளியிட்ட பட்டியலை வைத்தே விற்பவர்கள் ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டார்கள். வாங்குபவருக்கு என்று வெளியிட்ட தகவலை அதிகமாகப் பயன்படுத்தியது விற்பவர்கள்தான். விற்பவர்கள் கைவிரல் எண்ணிக்கையில் இருக்கும் எந்தச் சந்தையிலும் ‘விலை வெளிப்படைத்தன்மை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் இந்தக் கான்கிரீட்டைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இன்சூரன்ஸ் இன்னும் விநோதமான இடம். அது உயிரோடு இருப்பதே பாதித் தெரியாமையால். யாருக்கு நோய் வரும் என்று எவருக்கும் தெரியாதவரை எல்லோரும் பிரீமியம் கட்டிப் பங்கிட்டுக்கொள்ளலாம். நாளைக்கே ஒரு பரிசோதனை வந்து யாருக்கு வரும் என்று அச்சொட்டாகச் சொல்லிவிட்டால்? வராதவர் பாலிசி எடுக்க மாட்டார், வரப்போகிறவருக்கு நிறுவனம் தராது. தகவல் சரியானது, அதனாலேயே சந்தை இல்லாமல் போகும். பொருளாதார அறிஞர் ஜாக் ஹிர்ஷ்லைஃபர் 1971லேயே இதைச் சொல்லிவைத்தார். அமெரிக்கா 2008ல் ஒரு சட்டம் போட்டு மருத்துவக் காப்பீட்டாளர்கள் மரபணுத் தகவலைப் பார்த்துப் பிரீமியம் வைக்கக்கூடாது என்று தடுத்ததை இந்தக் கோணத்தில் பார்த்தால் புரியும். வேண்டுமென்றே ஒரு தகவலைச் சந்தைக்கு வெளியே நிறுத்திவைக்கிறார்கள்.

அப்புறம், தகவலைத் தேடி எடுப்பதற்கே செலவு ஆகுமே, அதை யார் கொடுப்பது? ஸ்டிக்லிட்ஸும் சான்ஃபோர்டு கிராஸ்மனும் 1980ல் எழுப்பிய சிக்கல் இது. எல்லாத் தகவலும் ஏற்கெனவே விலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பத்து நாள் உட்கார்ந்து படிப்பவருக்கு ஒரு காசும் கிடைக்காது. விலையைப் பார்ப்பவருக்கு அதே தகவல் சும்மா கிடைக்கிறதே. அப்படியென்றால் யாரும் படிக்க மாட்டார்கள். யாரும் படிக்காவிட்டால் தகவல் விலைக்குள் வருவது எப்படி? ஆகவே சந்தை எப்போதும் கொஞ்சம் தவறாகவே இருந்தாக வேண்டும். அந்தத் தவறுதான் படிப்பவர்களின் கூலி. சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதிகளில் பணம் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் எல்லோரும் (நானும்தான்) அடுத்தவர் படித்ததன் மேல் சவாரி செய்கிறோம்.

ஆனால் கூலி கிடைக்கிறது என்பதாலேயே வேலை உபயோகமானது என்று சொல்லிவிட முடியாது. 2010ல் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே முடிந்தவரை நேர்கோட்டில் ஒரு கண்ணாடி இழைக் கம்பி போட்டார்கள். செலவு சுமார் 30 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. போய்த் திரும்ப 13 மில்லிசெகண்ட் அளவுதான். பழைய வழிகளைவிடச் சில மில்லிசெகண்ட் மிச்சம். 1866 கம்பி பத்து நாளை ஒரு நாளாக்கியபோது கப்பலில் ஏறும் பஞ்சின் அளவே மாறியது. இந்தச் சில மில்லிசெகண்டால் உலகில் எந்தப் பொருளின் உற்பத்தியும் கூடவில்லை. அடுத்தவருக்கு முன்னால் போய் நிற்க முடிந்தது, அவ்வளவே. கொஞ்ச காலத்தில் மைக்ரோவேவ் கோபுரங்கள் வந்து அந்தக் கம்பியையும் முந்திவிட்டன.

இனி முதல் கேள்வி: தகவல் எல்லோருக்கும் கிடைத்த பிறகும் ஏன் ஆட்டம்? வெளிவந்துவிட்ட தகவலும் கவனிக்கப்பட்ட தகவலும் ஒன்றில்லை என்பது ஒரு காரணம். என்ட்ரிமெட் என்று ஒரு சின்ன மருந்து ஆராய்ச்சி நிறுவனம். அதன் உரிமத்தில் இருந்த ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி பற்றி 1997 நவம்பரில் புகழ்பெற்ற அறிவியல் இதழில் கட்டுரை வந்தது, நாளிதழ்களும் எழுதின. பங்கு லேசாக அசைந்ததோடு சரி. 1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் டைம்ஸ் அதே விஷயத்தை முதல் பக்கத்தில் போட்டது. சாரத்தில் புதுத் தகவல் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை 12 டாலரில் முடிந்திருந்த பங்கு திங்கள் காலை 85ல் திறந்தது, 52 அருகே முடிந்தது. ஐந்து மாதப் பழைய சேதி, உள்பக்கத்தில் இருந்து முதல் பக்கத்துக்கு நகர்ந்ததற்குக் கிடைத்த விலை அது. சாலஞ்சர் கதையில் மேதையாகத் தெரிந்த அதே சந்தைதான்.

இன்னொரு காரணம், நாம் மற்றவர்களைப் பார்த்து முடிவெடுக்கிறோம். 2006ல் வெளியான ஒரு பரிசோதனையில் 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்களைக் கொடுத்தார்கள். சிலருக்குப் பாடல் மட்டும். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகில் எது எத்தனை முறை இறக்கப்பட்டது என்றும் காட்டினார்கள். தனியாகக் கேட்டவர்களிடம் 26ஆவது இடம் பிடித்த ஒரு பாடல் ஓர் உலகில் முதலிடத்துக்கும் இன்னொன்றில் 40ஆவது இடத்துக்கும் போனது. முதலில் வந்த சிலர் தற்செயலாக எதை அழுத்தினார்களோ அதன் பின்னால் கூட்டம் போயிருக்கிறது. அடுத்தவர் தேர்வைப் பார்ப்பதும் தகவல்தான். ஆனால் அந்த அடுத்தவரும் யாரையோ பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார் என்றால் ஆயிரம் பேரின் முடிவில் இரண்டு பேரின் தகவல்தான் இருக்கிறது.

இது பாட்டோடு போனால் பரவாயில்லை, வங்கிக்கு வந்தால் விபரீதம். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியைப் பாருங்கள். வட்டி விகிதம் ஏறியதால் அதன் கையில் இருந்த நீண்டகாலக் கடன் பத்திரங்களின் சந்தை மதிப்பு சரிந்திருந்தது. முதிர்வு வரை வைத்திருப்போம் என்று வகைப்படுத்திய பத்திரங்களில் மட்டும் ஏட்டில் ஏறாத நஷ்டம் சுமார் 1,500 கோடி டாலர். வங்கியின் மொத்தச் சொந்த மூலதனமே சுமார் 1,600 கோடி. இது ரகசியம் இல்லை, அறிக்கைகளில் மாதக்கணக்காக இருந்தது. 2023 மார்ச் 8 அன்று வங்கி கொஞ்சம் பத்திரங்களை நஷ்டத்துக்கு விற்றதையும் புதிதாக மூலதனம் திரட்டப் போவதையும் அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. 2008ல் வாஷிங்டன் மியூச்சுவல் என்ற வங்கி வீழ்ந்தபோது பத்து நாள் அளவில் போனது 1,670 கோடி என்பதோடு வைத்துப் பார்த்தால் வேகம் புரியும். மார்ச் 10 காலை வங்கியை மூடினார்கள்.

மார்ச் 9 அன்று புதிதாகத் தெரியவந்தது என்ன? வங்கியின் நிலைமையில் பெரிதாக ஒன்றுமில்லை. ‘மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இது தெரிந்துவிட்டது, அவர்கள் எடுக்கப் போகிறார்கள்’ என்பதுதான். டெபாசிட்டில் 90%க்கும் மேல், வங்கி மூழ்கினாலும் திரும்பக் கிடைக்கும் என்ற காப்பீட்டு வரம்பைத் தாண்டியது. அதனால் முதலில் ஓடுபவருக்கு முழுப் பணம், கடைசியில் நிற்பவருக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாது என்ற நிலை. வங்கி நல்லது என்று நம்புபவரும் மற்றவர்கள் ஓடுவார்கள் என்று நினைத்தால் ஓடியாக வேண்டும். டக்ளஸ் டயமண்ட், ஃபிலிப் டிப்விக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் வங்கி ஓட்டத்தைப் பற்றி 1983ல் எழுதிவைத்த மாதிரியே, கைபேசியின் வேகத்தில் நடந்தது.

இதே விசையைத் திருப்பியும் ஓட்டலாம். 2012 ஜூலையில் ஸ்பெயின் அரசின் பத்தாண்டுக் கடன் பத்திர வட்டி 7%ஐத் தாண்டியிருந்தது. ஜூலை 26 அன்று லண்டனில் பேசிய ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மாரியோ டிராகி, யூரோவைக் காப்பாற்றத் தன் அதிகாரத்துக்கு உட்பட்டு எதையும் செய்வோம் என்றார். செப்டம்பரில் அதற்கான கடன் பத்திரக் கொள்முதல் திட்டத்தை அறிவித்தார்கள். ஆண்டு முடிவதற்குள் வட்டி 5.5%க்குக் கீழே வந்துவிட்டது. அந்தத் திட்டத்தில் ஒரு யூரோகூடச் செலவழிக்கவில்லை; இன்றுவரை ஒருமுறையும் அதைப் பயன்படுத்தியதில்லை. தேவைப்பட்டால் வாங்க ஒருவர் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் தெரிந்ததும் போதுமாக இருந்தது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். செய்தி படித்துப் பங்கு வாங்கிச் சந்தையை முந்துவது உங்களாலும் என்னாலும் ஆகாது. தலைப்புச் செய்தி நம் கைபேசிக்கு வரும்போது விலைக்கு அது எப்போதோ தெரிந்துவிட்டிருக்கும். இதற்காகப் படிப்பதாக இருந்தால் அந்த நேரத்தில் தூங்கலாம். ஆனால் வேறு இரண்டு விதத்தில் பயன் உண்டு என்பது என் அனுபவம். எதிரே விற்பவர் எதற்கு விற்கிறார், அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதது என்ன என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் பழக்கம் ஒன்று. வீடோ வண்டியோ பாலிசியோ, விலை ஆச்சரியமாக மலிவாக இருந்தால் அகெர்லாஃபின் கணக்கில் நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று பார்ப்பேன்.

மற்றது, எவரும் விரும்பிப் படிக்காத பக்கங்கள். ஆண்டறிக்கையில் தலைவரின் புன்னகைப் படம் இருக்கும் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்னால் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளில் இருந்து படிக்கத் தொடங்குவேன். சிலிக்கான் வேலி வங்கியின் அந்த 1,500 கோடி டாலரும் அப்படிப்பட்ட பக்கத்தில்தான் இருந்தது: சந்தை மதிப்பு ஒரு வரிசையில், வாங்கிய விலையை ஒட்டிய கணக்கு மதிப்பு இன்னொரு வரிசையில். கழித்துப் பார்க்க இரண்டாம் வகுப்புக் கணக்குப் போதும்.